1745இல் விசுவாசத்துக்கு என்ன விலை?

இந்த அவை கூடியிருக்கும் மூலக்குளத்துக்குப் பக்கத்து ஊர் ரெட்டியார்பாளையம். அங்குள்ள புனித அந்திரேயா கோயிலைக் கட்டியவர் கனகராய முதலியார். கிறிஸ்தவர், பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷ். 1739இல் இளம் வயது மகனைப் பறிகொடுத்தவர், அவன் நினைவாக எழுப்பிய கோயில் அது. 1745 நவம்பரில் நடந்த அதன் திருவிழாவுக்குக் கவர்னர் டூப்ளேயே வந்திருந்தார். அன்று நடந்த விருந்தை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிள்ளையை இழந்த தகப்பன் செய்த அந்தச் செலவில் குறை சொல்ல எவருக்கும் மனம் வராது.

அதே நாட்குறிப்பில், அதே ஆண்டு அக்டோபரில், வேறொரு செய்தியும் இருக்கிறது. புதுச்சேரிக் கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் ஒருபுறம். சேரிக் கிறிஸ்தவர்கள் மறுபுறம். சேரி மக்கள் ஒன்றுதிரண்டு பெரிய சாமியாரிடம் போய் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. எழுதியவர் இந்து; இரு தரப்பிலும் சேராதவர். அதனால் அந்தக் குறிப்புக்கு மதிப்பு அதிகம். விருந்துக்குப் பெயர் தெரிந்த ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். சுவரை இடிக்க வைத்தவர்களை வரலாறு கூட்டமாகத்தான் அறியும்.

இரண்டுக்கும் சில மாதங்கள் முன்னால், 1745 மே 14 அன்று, தெற்கே வடக்கன்குளத்தில் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார். நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், நாயர் குலத்தவர், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். குளச்சல் போரில் 1741இல் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் நட்பு அவரைக் கிறிஸ்துவிடம் அழைத்துப் போனது. வீட்டில் தொடர்ந்து இழப்பு. மனம் நொந்திருந்தவருக்கு டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பார்கள். நீலகண்டன் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார்.

சாமி கும்பிடும் இடத்தை மாற்றிக்கொண்டதோடு அவர் நின்றிருந்தால் அரண்மனை ஒருவேளை பொறுத்திருக்கும். தாழ்த்தப்பட்டவர்களோடு சரிசமமாகப் பழகியதைத்தான் அந்தக் காலத்து மேல்சாதியாரால் தாங்க முடியவில்லை. 1749இல் கைது. எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடிபட்ட காயத்தில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். மறுதலித்தால் விடுதலை. அவர் மறுதலிக்கவில்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடங்கியது.

2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அப்போது ‘பிள்ளை’ என்ற சாதிப் பட்டத்தை வத்திக்கான் நீக்கியே அறிவித்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே கழற்றி வைத்ததைத் திருச்சபை கழற்ற 270 ஆண்டுகள் பிடித்தன.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பின்னாளில் சாதிக்கொரு பகுதியாகக் கோயில் கட்டினார்கள்; இடையிலிருந்த சுவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிபட்டது. நம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்திலேயே, எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்கெனத் தனிப் பங்கு கேட்டதில் கலவரம் மூண்டு, 2008 மார்ச்சில் போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள்.

கோயிலுக்குள் இப்படி, அரசு அலுவலகத்திலோ விலை சான்றிதழாகக் கேட்கப்படுகிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர் ஆனவருக்குப் பட்டியல் சாதிச் சான்று இல்லை. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் வழி திறந்தது; கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. அரசு வேலைக்காக அந்தச் சான்று கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவரின் மனுவை, அவர் கிறிஸ்தவத்தைக் கடைப்பிடிப்பவர் என்ற காரணத்தால், 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மதம் மாறினால் சாதி போய்விடும் என்கிறது சட்டம். எறையூரில் போகவில்லையே.

தேவசகாயம் தம் சாதியின் மேன்மையைத் தாமாக விட்டுக்கொடுத்தார். தலித் கிறிஸ்தவரோ, சாதியின் இழிவு ஒட்டிக்கொண்டிருக்க, அதற்கான ஈட்டை மட்டும் இழக்கிறார். விசுவாசத்துக்கு இன்று முழு விலை கொடுப்பவர் அவர்தான்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மெழுகுவத்தியோடு போகிறவர்கள் உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். நடுவில் சாதி பிரிக்கும் சுவரோ வேலியோ இருந்தால், அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து அதைக் கேளுங்கள். சேரிக்காரர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவர்கள் 1745இலேயே கேட்டுவிட்டார்கள்.