சின்ன வீடும் கிறிஸ்துமஸ் அலங்காரமும்

(சங்கத்தின் நவம்பர் மாதப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். விஷயம் உங்களுக்குத் தெரியும். சென்ற டிசம்பரில் பி பிளாக் மாடிப்படியில் கட்டியிருந்த சீரியல் லைட்டில் மழைத்தண்ணீர் இறங்கி, செலோ டேப் சுற்றிய ஜாயின்ட் கருகி, மெயின் விழுந்தது. அதற்குச் சற்று முன்புதான் ஒரு குழந்தை அதே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே போயிருக்கிறது. இனிமேல் பொது இடத்தில் எந்த அலங்காரமும் கூடாது என்று தீர்மானம் போட வேண்டும் என்பது ஒரு தரப்பு. கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீட்டுக்காரன் என்ற முறையிலும், 34 வருடம் பேங்க்கில் கணக்கு எழுதியவன் என்ற முறையிலும் நான் சொல்ல நினைப்பதைச் சொல்கிறேன். தடை வேண்டாம், ஒழுங்கு வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் நம் வீடுகளின் அளவைப் பாருங்கள். மொத்தம் 420 சதுர அடி. ஹால் பத்துக்குப் பன்னிரண்டு, அதாவது 120 சதுர அடி. அதில் கட்டில், டி.வி. மேசை, பிரிட்ஜ், தையல் மிஷின் போக மீதி எவ்வளவு? கடையில் விற்கும் பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரத்தின் அடிப்பாகம் மூன்றடி அகலம் என்றால் தரையில் ஏழு சதுர அடி போய்விடும். வாக்கர் வைத்து நடக்கும் பெரியவர் இருக்கும் வீட்டில் அந்த ஏழு சதுர அடியில்தான் அவர் பாத்ரூமுக்குப் போகும் வழி இருக்கும். எனவே முதல் விதி: கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கும் வாசலுக்கும் மூன்றடி வழியை விட்டுவிட்டு, மிச்சத்தில் அலங்காரம். மரம் சுவரில் இருக்கலாம். நான்கடி உயரத்துக்கு முக்கோணமாகப் பச்சை ரிப்பனை ஒட்டி, அதன்மேல் லைட்டைச் சுற்றினால் பேரப்பிள்ளைகள் அதையும் மரம் என்றுதான் சொல்கிறார்கள்.

நிஜ மரம்தான் வேண்டும் என்பவர்கள் இங்கே சவுக்குக் கிளையைத்தான் வாங்குவார்கள். ஊசி ஊசியாக இருப்பதால் பார்வைக்குப் பொருத்தம். ஆனால் வெட்டிய சவுக்கு ஒரு வாரத்தில் காய்ந்துவிடும், காய்ந்தால் அடுப்புக்குப் போட்ட மாதிரி எரியும். வாளியில் ஈர மணல் போட்டு நடுங்கள், தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள், பக்கத்தில் மெழுகுவர்த்தி கூடாது. மரத்தின்மேல் பஞ்சு ஒட்டுவதையும் விட்டுவிடலாம். பஞ்சைப்போலத் தீப்பிடிக்கும் பொருள் வேறில்லை. வேலூரில் பனிப்பொழிவு என்பதை யார் நம்பப் போகிறார்கள்?

இந்த அலங்காரங்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று சிலர் கேட்டார்கள். குடில் வைப்பது 1223-இல் இத்தாலியில் கிரெச்சியோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் செய்தது என்பார்கள். நான்கு வாரத்துக்கு நான்கு மெழுகுவர்த்தி ஏற்றும் வளையம் 1839-இல் ஹாம்பர்க் நகரில் விக்கெர்ன் என்ற போதகர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் தொடங்கியது. காகித நட்சத்திரத்தின் கதை எனக்குப் பிடித்தமானது. 1830-களில் ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் மொராவிய சபைப் பள்ளியில் கணக்குப் பாடத்துக்காகச் செய்ததுதான் அது. மரத்துக்கு மின்விளக்கு போட்டது 1882-இல் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன், மொத்தம் 80 பல்பு. நம் பக்கத்தில் எல்லாம் கலந்துவிட்டது. 1846-இல் கட்டிய ஆலயம் நம் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது, ஆம்பூர் பக்கம் லுத்தரன் சபைகள் உண்டு, வேலூர் கத்தோலிக்க மறைமாவட்டம் 1952-இல் வந்தது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் குடில், ஒரு வீட்டில் வெறும் ஸ்டார், எல்லா வாசலிலும் கோலம் என்று பார்க்கிறோம்.

இப்போது லைட்டுக்கு வருகிறேன். ஆபத்து அதில்தான். பழைய சீரியல் செட்டில் 50 பல்பு வரிசையாக இருந்தால் 230 வோல்ட் பிரிந்து ஒரு பல்புக்கு நாலரை வோல்ட் சொச்சம் கிடைக்கும். ஒன்று பியூஸ் ஆனால் எல்லாம் அணையும். நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? போன பல்பைப் பிடுங்கிவிட்டு இரண்டு ஒயரையும் முறுக்கி விடுவார்கள். ஐந்தாறு பல்பு இப்படிப் போனால் மிச்சமுள்ளவை அதிக வோல்டேஜ் வாங்கிச் சூடாகும். இன்னொன்று, பல்பு சின்னதாக இருப்பதால் ஷாக்கும் சின்னதாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அந்த ஒயரில் தோல் உரிந்த இடத்தைத் தொட்டால் வீட்டு மின்சாரம் முழுவதும் உங்கள் உடம்பு வழியே தரைக்குப் போகும். டிசம்பர் வடகிழக்குப் பருவமழை மாதம். படிக்கட்டில் சாரல் அடிக்கும், இரும்புக் கம்பி நனைந்திருக்கும்.

எனவே ஜாயின்ட் போட்ட பழைய செட்டைத் தூக்கிப்போடுங்கள். வெளியே கட்டுவதற்கு மழை தாங்கும் எல்.இ.டி. செட்டாகப் பார்த்து வாங்குங்கள். இரும்புக் கைப்பிடியில் கட்டாதீர்கள், சுவர் ஆணியில் கட்டுங்கள். பிளக் மழை படாத இடத்தில், அதாவது வீட்டுக்குள் இருக்கட்டும். ஜன்னல் இடுக்கில் ஒயரை நசுக்காதீர்கள். நம் பிளாக்குகளுக்கு 30 மில்லியாம்பியர் கசிவு வந்தாலே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. போட வேண்டும் என்பதை இந்தக் கூட்டத்திலேயே கோரிக்கையாக வைக்கிறேன். அது டிசம்பருக்கு மட்டும் பயன்படுவதில்லை, மோட்டார் ரூமுக்கும் வேண்டும்.

கரண்ட் பில் பற்றியும் பேச்சு வந்தது. கணக்கைப் பாருங்கள். நட்சத்திரத்துக்குள் நாம் போடும் ஜீரோ வாட்ஸ் பல்பு பெயருக்குத்தான் ஜீரோ, 15 வாட் வரை இழுக்கும். இரவு 12 மணி நேரம், 30 நாள் என்றால் 5.4 யூனிட். அதே இடத்தில் அரை வாட் எல்.இ.டி. போட்டால் ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. காகிதமும் பழுக்காது. வீட்டு மீட்டரில் இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம் இருக்கிறது, பொது மீட்டருக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே ஸ்டார் யாருடையதோ, கரண்ட் அவர் வீட்டிலிருந்தே வரட்டும். படிக்கட்டு பிளக்கில் யாரும் செருக வேண்டாம்.

செலவு என்றால் எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரமும் டிசம்பர் இரண்டாம் வாரமும் நகைக்கடன் கவுண்ட்டரில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், வளையல் எதற்காக வருகிறது என்று. துணிக்கும் கேக்குக்கும் வருவதை என்னால் தடுக்க முடியாது. அலங்காரத்துக்காக ஒரு ரூபாய்கூட வட்டி கட்ட வேண்டாம் என்பேன். நான் படித்த காமர்ஸில் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று இரண்டு உண்டு. மண் குடில் பொம்மை செட் மூலதனம். செய்தித்தாளில் சுற்றி வைத்தால் இருபது வருடம் வரும். சரிகைத் தோரணம் ஒரு மழைக்குத் தாங்காது.

குடில் வைப்பவர்களுக்கு ஒரு யோசனை. கொலுவில் பார்க் வைக்கிறார்களே, அதே முறை. கேழ்வரகை ஒரு இரவு ஊறவைத்து, 15-ஆம் தேதி வாக்கில் ஒரு தட்டில் மண் பரப்பித் தூவுங்கள். 24-ஆம் தேதிக்குள் பச்சைப் பசேலென்று புல்வெளி வந்துவிடும். செலவு ஒரு பிடி கேழ்வரகு. கூரைக்குக் கொஞ்சம் வைக்கோல். தெர்மோகோல் வேண்டவே வேண்டாம். குடில் டி.வி. மேசையின் கீழ்த்தட்டில் அடங்கும், தரை மிச்சம். கார்த்திகைக்கு வாங்கிய அகல் மீந்திருந்தால் வாசலில் வைக்கலாம், வைக்கோல் பக்கம் மட்டும் வேண்டாம். என் அக்கா மகள் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருக்கிறாள். கட்டிங்கில் கழியும் தோல் துண்டுகளை நட்சத்திரமாக வெட்டி, நூலில் கோத்து அனுப்பினாள். மழையில் நனையாத இடத்தில் மூன்று வருடமாகத் தொங்குகிறது. ஆனால் அதைப் போகிக்கு எரித்துவிடாதீர்கள். குரோம் பதனிட்ட தோலை எரித்தால் நச்சுக் குரோமியம் உண்டாகலாம். பாலாற்றுக்கரைக்காரர்களுக்கு குரோமியத்தைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கேரல் ரவுண்ட்ஸ் வருபவர்கள் இருபது பேருக்குக் குறையமாட்டார்கள். அவர்களுக்காகவாவது ஹால் நடுவை வெறுமையாக விடுங்கள். டிரம் செட்டோடு வருபவர்களிடம் இரவு பத்து மணிக்குள் நம் காலனியை முடித்துக்கொள்ளுமாறு முன்கூட்டியே சொல்லிவிடுவது நம் பொறுப்பு. ஒலிபெருக்கிக்குச் சட்டமே பத்து மணிதான். ஏ பிளாக்கில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

தடைத் தீர்மானத்துக்கு வருகிறேன். பொது இடத்தில் ஒன்றுமே கூடாது என்றால் கார்த்திகைக்குப் படிதோறும் வைக்கும் அகலும் கூடாது, ரம்ஜான் மாதம் சி பிளாக் பாய் வீட்டார் கட்டும் லைட்டும் கூடாது. போன வருடம் மூன்றாவது மாடியில் ஒரு வீட்டில் துக்கம். அவர்கள் ஸ்டார் கட்டவில்லை. எதிர்வீட்டு மாமி, ‘இருட்டாக இருக்கே’ என்று தம் வீட்டு வாசலுக்கும் அவர்கள் வாசலுக்கும் நடுவில் ஒரு ஸ்டார் வாங்கிக் கட்டினார். அந்த இடம் யாருடைய வீட்டுக்குள்ளும் இல்லை, பொது நடைதான். அதையும் சேர்த்துத்தான் தடுக்கப் போகிறோமா என்று யோசித்து ஓட்டுப் போடுங்கள்.

என் மாற்றுத் தீர்மானம் இது. எந்தப் பண்டிகையானாலும் பொது நடையில் ஜாயின்ட் இல்லாத எல்.இ.டி. மட்டும், கரண்ட் சொந்த மீட்டரிலிருந்து, படியில் நடக்கும் வழியில் ஒயரோ தொட்டியோ கூடாது, இரவு படுக்கும் முன் அணைக்க வேண்டும். கிறிஸ்துமஸ் ஸ்டாரை ஜனவரி 6-ஆம் தேதி, ஞானிகள் பண்டிகையன்று இறக்கிவிட வேண்டும். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் ஆட்கள் அதற்கு மறுவாரம் வருகிறார்கள். ஸ்டார் கட்ட நாற்காலிமேல் ஸ்டூல் போட்டு ஏறாதீர்கள். சங்கத்தின் எட்டடி ஏணி வாட்ச்மேன் அறையில் இருக்கிறது, நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும், ஆள் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள், காலை பத்து மணிக்குமேல் வீட்டில்தான் இருப்பேன்.