வயிற்றுப்போக்கும் செத்த ஈஸ்டும்
(மட்டாஞ்சேரியில் தமிழ்த் தாய்மார்களிடம் பேசியது)



அப்பத்துக்கு மாவு கரைக்கிறோம். கொஞ்சம் கள் ஊற்றி வைக்கிறோம். விடிந்தால் மாவு பொங்கி நிற்கிறது. பொங்க வைத்தது யார்? ஈஸ்ட். கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர் அது. சட்டியின் சூடு பட்டதும் செத்துப்போகும். ஆனால் அதன் உடல் அப்பத்திலேயே இருக்கும். அப்பம் தின்றால் பேதி நிற்கும் என்று நான் சொல்ல வரவில்லை!

ஈஸ்டில் ஒரு வகையை வயிற்றுப்போக்குக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள். 1920களில் புலார் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவில் அதைக் கண்டெடுத்தார். அங்கே காலரா பரவியபோது சிலர் லிச்சி, மாங்குஸ்தான் பழத்தோலைப் பயன்படுத்தினார்களாம். அந்தத் தோலில் இருந்தது இந்த ஈஸ்ட். நம் சந்தைக்கு வரும் அதே மாங்குஸ்தான்தான்.

அது உயிருள்ள ஈஸ்ட். இப்போது சூட்டில் கொன்ற ஈஸ்டையும் மருந்தாக்கப் பார்க்கிறார்கள். செத்தது எப்படி வேலை செய்யும்? ஈஸ்டின் மேல்தோலில் சில நோய்க்கிருமிகள் ஒட்டிக்கொள்கின்றன. பரிசோதனையில் கண்டிருக்கிறார்கள். அப்படி ஒட்டிய கிருமி குடலைப் பிடிக்க முடியாது. இதற்கு ஈஸ்ட் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. மிகவும் நலிந்த நோயாளியின் இரத்தத்தில் உயிருள்ள ஈஸ்ட் புகுந்து வளர்ந்துவிடலாம். செத்தது வளராது. ஆனால் இதன் பலன் பற்றிய ஆராய்ச்சி இன்னும் குறைவுதான்.

இருக்கட்டும். பேதியில் பெரும்பாலும் பிள்ளையின் உயிரைப் பறிப்பது எது? உடம்பில் நீர் வற்றுவது. எந்த ஈஸ்டும் அந்த நீரைத் திருப்பித் தராது.

1971இல் வங்காள எல்லையில், பன்கான் அகதி முகாமில் காலரா. ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை செத்த இடத்தில், சாவு நான்கு பேருக்கும் கீழே இறங்கியது.

கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கும். எத்தனை தண்ணீரில் கரைப்பது என்று அதிலேயே எழுதியிருக்கும், படியுங்கள். பொட்டலம் இல்லையா? காய்ச்சி ஆறிய நீர் 1 லிட்டர். தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை 6, உப்பு அரை. உப்பு கூடக்கூடாது. காய்ச்சிய நீரில் பச்சைத் தண்ணீர் கலந்து ஆற்றாதீர்கள். பதிமுகம் போட்டுச் சிவந்த நீரானாலும் அப்படித்தான்.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். துத்தநாக மாத்திரையை மருத்துவர் சொன்னபடி 14 நாளும் கொடுங்கள். பேதி நின்றாலும் கொடுங்கள். கண் குழி விழுந்தால், சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வழியிலும் அந்த உப்பு சர்க்கரை நீரை மடக்கு மடக்காகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.