சுகப்பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி?

(சங்கத்தின் நூற்றாண்டையொட்டித் தெமோதரையில் நடைபெற்ற தாய்மார் கூட்டத்தில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு என்றால் பழைய கதை பேசுவதுதான் வழக்கம். பள்ளி மணி, மழைநாள், பதுளைக்குப் போகும் ரயிலைத் தவறவிட்டது என்று பேசிக்கொண்டே இருக்கலாம். ஆனால் சங்கத்தினர் எங்களிடம் கேட்டது வேறு. நம் பிள்ளைகள் இப்போதெல்லாம் "நோர்மலாகத்தான் பெற வேண்டும்" என்கிறார்கள், அதற்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று சொல்லித் தாருங்கள் என்றார்கள்.

இந்தக் கேள்வியை இரண்டு பக்கத்திலிருந்து கேட்கிறோம். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் தங்கைமார், மிட்வைஃப்மாரே நடத்தும் பிரசவ நிலையங்களைப் பற்றியும் தண்ணீர்த் தொட்டியில் பெறுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். தோட்டத்துத் தங்கைமார் "வெட்டாமல் பெறணும், அவ்வளவுதான்" என்கிறார்கள். இரண்டு பேரும் கேட்பது ஒன்றுதான் என்று நாம் நினைக்கிறோம். தன் உடம்பு தன் கையில் இருக்க வேண்டும், யாரும் தன்னைச் சாமான் மாதிரி நடத்தக் கூடாது என்பதுதான் அது.

சுகப்பிரசவம் என்ற சொல்லையே பாருங்கள். சத்திரசிகிச்சை இல்லாமல் பிறந்தால் போதும், அதற்குச் சுகப்பிரசவம் என்று பெயர் வைத்துவிடுகிறோம். பதினாறு மணித்தியாலம் தனியாகக் கிடந்து, ஏச்சும் வாங்கி, சொல்லாமல் கொள்ளாமல் கீறித் தைக்கப்பட்டவளுக்கும் அதே பெயர்தான். அதில் சுகம் எங்கே இருக்கிறது? மறுபக்கம், காரணம் சொல்லப்பட்டு, சம்மதித்து, பயமில்லாமல் சிசேரியன் செய்துகொண்டவளை "பாவம், சுகப்பிரசவம் இல்லை" என்கிறோம். 2016-இல் நடந்த தேசிய சனத்தொகை சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பிரசவங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று சிசேரியன். அதில் தேவையானதும் உண்டு, தேவையில்லாததும் உண்டு.

இப்போது இடத்துக்கு வருவோம். தனியாக இயங்கும் பிரசவ நிலையம் நம் பக்கத்தில் இல்லை. இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே 2011-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், ஆபத்துக் குறைந்த 64,000 வரையான பெண்களின் பிரசவங்களைப் பார்த்தார்கள். மிட்வைஃப் நிலையத்தில் பெறத் திட்டமிட்டவர்களின் குழந்தைகள் பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளைப் போலவே நலமாக இருந்தார்கள். தாய்மாருக்குச் சிசேரியனும் குறைவு. இதைச் சொல்லித்தான் பலர் நம்மிடம் வாதாடுகிறார்கள். அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. முதல் பிள்ளை பெறப் போனவர்களில் பத்துப் பேருக்கு நான்கு பேர் வரை நடுவழியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்காரிகளில் பத்துக்கு ஒருவர் அளவில்தான் மாற்றப்பட்டார்கள்.

இந்தக் கணக்கைத் தெமோதரைக்குக் கொண்டுவந்து பாருங்கள். பத்தில் நான்கு பேரை, வலி எடுத்த பின்னால், இந்த மலையிலிருந்து இறக்க வேண்டும். முதலில் லயத்திலிருந்து ரோட்டுக்கு, பல இடங்களில் படிக்கட்டும் ஒற்றையடிப் பாதையும்தான். பிறகு வாகனத்துக்குக் காத்திருக்க வேண்டும். பிறகு சின்ன ஆஸ்பத்திரியில் பார்த்து, துண்டு எழுதி, இன்னொரு வாகனம். அதன் பிறகுதான் ஹாலி-எல தாண்டிப் பதுளை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்தால் அந்த ரோடும் நிச்சயமில்லை. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் என்ன நடந்தது என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பிள்ளை பிறந்த பின் இரத்தம் நிற்காமல் போனால், இரண்டு மணித்தியாலத்துக்குள் உயிர் போய்விடலாம். அது யாருக்கு வரும் என்று முன்கூட்டியே முழுதாகச் சொல்ல எங்களால் முடியாது. நல்ல உடம்புக்காரிக்கும் வரும். அதனால்தான் நாங்கள் இப்படிச் சொல்கிறோம்: தலைப்பிரசவம் என்றால், இரவு பகல் எந்நேரமும் சத்திரசிகிச்சைக் கூடமும் குருதி வங்கியும் குழந்தைகளுக்கான விசேட பிரிவும் உள்ள இடத்துக்கே போங்கள். நமக்கு அது பதுளைப் பெரியாஸ்பத்திரி. பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தியத்தலாவை ஆதார வைத்தியசாலை கிட்ட. முன்பு சிசேரியன் செய்தவர்கள், பிரஷர், சீனி உள்ளவர்கள், இரட்டைப் பிள்ளை, பிள்ளை தலைகீழாகத் திரும்பாதவர்கள், முன்பு இரத்தப்போக்கு ஏற்பட்டவர்கள், இவர்களுக்கும் அதேதான்.

முன்பு சிசேரியன் என்றால் இனி எப்போதும் சிசேரியன்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரு தடவை செய்து, வேறு சிக்கல் இல்லாதவர்கள் முயன்றால் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் இயல்பாகவே பெறுகிறார்கள். ஆனால் பழைய தையல் விரியும் சிறிய ஆபத்து இருப்பதால், கூடம் தயாராக உள்ள இடத்தில்தான் முயல வேண்டும். இயல்பாகப் பெற வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறவள்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவள். கேட்க விசித்திரமாக இருந்தாலும் நடைமுறை இதுதான்.

அப்படியானால் சின்ன ஆஸ்பத்திரிகளே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டோம். எல்லோரும் பதுளைக்கே போவதால் அங்கே வாட்டு நிரம்பி வழிகிறது. ஒரு மிஸ்ஸி எத்தனை பேரைப் பார்ப்பார்? முன்பு இயல்பாகப் பெற்றவள், இப்போதும் எல்லாம் ஒழுங்காக இருப்பவள், இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்குக் கிட்டத்தில் உள்ள பிரதேச வைத்தியசாலையில் அமைதியாகப் பெறலாம். ஆனால் போகுமுன் அங்கே ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே கடைசியாக எப்போது பிள்ளை பிறந்தது?" போன மாதம் என்றால் சரி. யோசித்துப் பதில் சொன்னால் வேறு இடம் பாருங்கள். கட்டடமும் கட்டிலும் இருப்பது போதாது, கைப்பழக்கம் இருக்க வேண்டும்.

லயத்திலேயே பெறுவது பற்றிப் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. இன்று இலங்கையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம்தான். ஆனால் நம் பாட்டிமாரை லயத்தில் பார்த்த மருத்துவச்சிகளை இளக்காரமாகப் பேசுவதை விட்டுவிடுவோம். அவர்கள் வலி எடுத்தவளை நடக்கவிட்டார்கள், முட்டிபோட்டோ குந்தியோ இருக்கவிட்டார்கள், குடிக்கக் கொடுத்தார்கள், பக்கத்தை விட்டு எழும்பவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டலைப் பிரித்துப் பார்த்தால், இவை அத்தனையும் அதில் சிபாரிசாக இருக்கின்றன. எல்லோருக்கும் வழமையாகக் கீறுவது வேண்டாம், சவரம் செய்வதும் எனிமா கொடுப்பதும் வேண்டாம் என்றும் இருக்கிறது. மருத்துவச்சியிடம் இல்லாதது இரத்தமும் மருந்தும் சத்திரசிகிச்சையும்தான். அவை இல்லாததால்தான் தாய்மார் இறந்தார்கள்.

எத்தனை பேர்? 1930-களில் இந்நாட்டில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்தக் கணக்கு முப்பதை ஒட்டி நிற்கிறது. 1926-இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கி, வீடு தேடிப் போகும் மிட்வைஃப் முறை மெல்ல மெல்ல நாடெங்கும் பரவியது இதற்கு ஒரு பெரிய காரணம். நம் நூற்றாண்டும் அதன் நூற்றாண்டும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. ஆனால் தோட்டங்களுக்கு அது பிந்தித்தான் வந்தது. 1872-இல் தோட்டத் தொழிலாளருக்கான மருத்துவச் சட்டம் வந்த நாளிலிருந்து, நம்முடைய சுகாதாரம் நாட்டுச் சுகாதாரத்தோடு சேராமல், துரைமாரின் பொறுப்பில் தனியாகவே கிடந்தது. தோட்டத்து லொறியில் பிறந்த பிள்ளைகள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ஊருக்கு வந்தது தோட்டத்துக்கு வர அரை நூற்றாண்டு ஆனது என்பதை விழா நாளிலும் சொல்லத்தான் வேண்டும்.

ஆஸ்பத்திரி என்றால் நம் அம்மாமார் சிலர் இன்றும் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 1980-களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு பணம் கொடுத்தது. தோட்டங்களில் அதை விளங்கிச் செய்தவர்களும் உண்டு, விளங்காமல் கையொப்பம் போட்டவர்களும் உண்டு. அதனால் தங்கைமாரே, இனிப் பிள்ளை வேண்டுமா, வேண்டாமா என்பதைக் கணவரோடு வீட்டில், வலி வருவதற்கு முன்பே பேசி முடியுங்கள். வலியில் இருக்கும்போது யார் கடதாசி நீட்டினாலும் "பிறகு சொல்கிறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அடுத்தது மொழி. பிரசவ அறையில் பெரும்பாலும் சிங்களம்தான். "லே யனவா", இரத்தம் போகிறது. "வத்துர யனவா", பனிக்குடம் உடைந்து தண்ணீர் போகிறது. இந்த இரண்டும் தெரியாமல் யாரும் போகக் கூடாது. அதே நேரம், 1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. என்ன செய்யப் போகிறீர்கள், ஏன் செய்கிறீர்கள் என்று தமிழில் கேட்பது சலுகை கேட்பதல்ல. கத்திக் கேட்க வேண்டாம், கேட்டால் போதும். எங்கள் அனுபவத்தில் பெரும்பாலான மிஸ்ஸிமார் நல்லவர்கள். களைத்துப் போனவர்கள், அவ்வளவுதான்.

இடத்தைத் தெரிவு செய்யும்போது நாம் மறந்துவிடும் ஒரு கேள்வி, கூட யாராவது இருக்க விடுவார்களா என்பது. பிரசவம் முடியும்வரை பக்கத்தில் ஒருவர் துணை இருந்தால் இயல்பாகப் பெறுவது கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் குறைகிறது. 15,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் சொல்லியிருக்கிறார்கள். படுத்தே கிடக்காமல் நடந்தும் நிமிர்ந்தும் இருந்தால் வலி நேரம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறைகிறது என்று இன்னொரு தொகுப்பு. இதற்கு இயந்திரம் வேண்டாம், காசு வேண்டாம். அம்மாவோ அக்காவோ மாமியாரோ, தைரியமாகப் பேசக்கூடிய ஒரு பெண் போதும். (அழுது கூட்டத்தைக் கூட்டுகிறவரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.) எல்லா இடத்திலும் அனுமதி ஒரே மாதிரி இல்லை. கிளினிக்கில் முன்பே கேட்டுவையுங்கள்.

தனியார் ஆஸ்பத்திரி பற்றியும் கேட்கிறார்கள். திரைச்சீலையும் தனி அறையும் கிடைக்கும். கடன் வாங்கிப் போகுமுன், இரவில் நிபுணர் அங்கேயே இருப்பாரா, குழந்தைக்கு மூச்சுத் திணறினால் எங்கே அனுப்புவார்கள் என்று கேளுங்கள். பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு என்றால், நேரே அங்கேயே போகலாமே.

எந்த இடமானாலும், இரத்தம் குறைந்த உடம்போடு போனால் எல்லாமே கடினம். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் இரத்தசோகை. மிட்வைஃப் தரும் இரும்புச்சத்து மாத்திரையை நாம் எதோடு விழுங்குகிறோம்? பிளேன்டீயோடு! நாமே பறித்த கொழுந்து அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே இரண்டு மணித்தியாலமாவது விடுங்கள். தேசிக்காய்த் தண்ணியோடு குடித்தால் நல்லது. கல்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் போடுங்கள். திரிபோஷவைப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துவிட்டு நீங்கள் சும்மா இருக்க வேண்டாம்.

ஒன்பதாம் மாதம் பிறக்குமுன், மிட்வைஃப் வீட்டுக்கு வரும் நாளில் மாமியாரையும் கணவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். எந்த ஆஸ்பத்திரி, யார் துணை, இரவில் யாருடைய த்ரீவீலர், மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது? 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் 2018 முதல் ஊவாவிலும் ஓடுகிறது, காசில்லை. ஆனால் லயத்து வாசலுக்கு அது வராது. எந்த வளைவில், எந்தக் கோயிலடியில் நிற்க வேண்டும் என்பதைச் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு துண்டில் எழுதிக் கர்ப்பிணி அட்டையோடு வைத்திருங்கள். தொலைபேசியில் பதற்றத்தோடு வழி சொல்வது லேசான காரியமல்ல.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். தோட்டப் பகுதிகளில் தமிழ் பேசும் மிட்வைஃப்மார் போதாது. உயர்தரம் முடித்து, பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை என்று வீட்டில் இருக்கும் தங்கைமார் இங்கேயே பலர் இருக்கிறீர்கள். சுகாதார அமைச்சு விண்ணப்பம் கோரும்போது அதைச் சங்கத்தின் அறிவித்தல் பலகையில் போடவும், படிவம் நிரப்பவும், நேர்முகத்துக்குப் போகும் பஸ் செலவுக்கும் நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கலாம். ஏற்கனவே மிட்வைஃபாக இருக்கும் நம் அக்காமார் இரண்டு பேர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தேநீர் நேரத்தில் அவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழுகாமல் இருப்பவர்கள் அட்டையைக் கொண்டுவந்திருந்தால் எங்களிடம் காட்டலாம், மாலை ரயில்வரை இங்கேதான் இருப்போம்.