பலாலி விமானமும் பிரயாணியின் பணமும்

1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி, எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, எங்கள் மயிலிட்டிக்கு அயலிலுள்ள பலாலியில் இறங்கி, பின்னர் சென்னைக்குப் பறந்து சென்றது. அந்த ஆகாய மார்க்கம் யுத்தத்தினால் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது. 1990 ஜூனில் மயிலிட்டியைவிட்டு வெளியேறிய மக்கள், விமானத்தளத்தைச் சூழ்ந்த உயர் பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே அகதிகளாய் அலைந்து, 2017 ஜூலையிலேதான் தங்கள் துறைமுகத்தை மீண்டும் கண்டனர். 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னைச் சேவை தொடங்கியது. எத்தனையோ குடும்பங்களின் நிலத்தையும் கண்ணீரையும் விலையாகக் கொண்டு நிலைத்த ஓடுபாதை இது என்பதனால், அதில் ஏறும் ஏழைப் பிரயாணியின் பணத்தைப் பற்றிப் பேசும் உரிமை எங்களுக்கு உண்டென்றே கருதுகிறேன்.

பலாலிக்கும் சென்னைக்கும் இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய 350 கிலோமீற்றர்தான். ஆயினும் விளம்பரத்தில் கண்ட தொகையை நம்பிக் காசு சேர்த்த தாய் ஒருத்தி, எரிபொருளுக்கென்றும் வரிக்கென்றும் ஆசனத்துக்கென்றும் சேர்ந்துகொண்டே போகும் தொகைகளைக் கொடுத்து முடித்தபின், மகளுக்கென்று கட்டிய பனங்கட்டியும் புழுக்கொடியலும் கருவாடும் அனுமதிக்கப்பட்ட நிறையை மீறிவிட்டன என்று கேட்டு, தராசுக்கு முன்னால் பொதியை அவிழ்த்து நிற்கும் காட்சி நெஞ்சை வருத்துவது. எழுபதுக்குச் சற்று அதிகமான ஆசனங்களே கொண்ட சிறிய விமானத்தில், செலவு முழுவதும் அந்தச் சிலரின் தலையிலேயே விழுகிறது. பாரத்துக்கும் எல்லை உண்டு. இவை நியாயமான காரணங்களே. ஆனால் செலவு மிகுதியாயிருப்பது வேறு, அதை முன்கூட்டிச் சொல்லாதிருப்பது வேறு.

ஐரோப்பிய ஒன்றியம் 2008ஆம் ஆண்டிலேயே, தவிர்க்கமுடியாத வரிகளும் மேலதிகக் கட்டணங்களும் அடங்கிய இறுதித் தொகையைத் தொடக்கத்திலேயே காட்டவேண்டுமென்று விதித்தது. இந்தியாவின் 1937ஆம் ஆண்டு விமான விதிகளில் 135ஆவது விதி, சேவைச் செலவையும் நியாயமான இலாபத்தையும் கருதியே கட்டணம் நிர்ணயிக்கப்படவேண்டும் என்கிறது. கொள்ளைநோய்க் காலத்தில், 2020 மேயிலிருந்து 2022 ஓகஸ்ட் வரை, இந்திய அரசாங்கம் உள்நாட்டு விமானக் கட்டணங்களுக்கு உச்சவரம்பையும் கீழ்வரம்பையும் வகுத்தது. அரசாங்கம் மனம் வைத்தால் கட்டண விஷயத்தில் தலையிட முடியும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

ஆகவே, கொழும்பிலும் டெல்லியிலுமுள்ள சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரிகளை நான் வேண்டிக்கொள்வது இதுவே: இந்தக் குறுகிய கடல்வழியின் கட்டணங்களை நீங்கள் கூடி ஆராயுங்கள், பொதிக்கான கட்டணமும் வரியும் உட்பட, பிரயாணி செலுத்தவேண்டிய முழுத் தொகையையும் விளம்பரத்தின் தொடக்கத்திலேயே, தமிழிலேயே எழுதச் செய்யுங்கள்.