காரைத் திரும்ப அழைக்கும் கடிதம்



தோட்டத்து வீட்டிற்கு அரசாங்க முத்திரையோ கம்பெனி முத்திரையோ போட்ட கடிதம் வந்தால் நம்மவர்களுக்கு முதலில் வருவது பயம். கடன் பாக்கியோ, போலீஸ் சம்மனோ என்று எண்ணி, பிரிக்காமலேயே சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிடுவார்கள். பாகான் டத்தோ வட்டாரத்துத் தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கும் எங்களிடம், "சார், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று கடிதத்தோடு வரும் பெற்றோர் பலர்.

அப்படி ஒரு நாள் வந்தார் ஒரு தகப்பனார். செம்பனைக் குலை வெட்டுகிறவர். அவரிடம் ஒரு பழைய கார் உண்டு. தெலுக் இந்தானில் இருக்கும் உறவினரிடம் வாங்கியது. காலையில் தம் பிள்ளைகள் இருவரையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் அதில்தான் பள்ளிக்கு அழைத்து வருவார். கடிதம் வந்தது பழைய சொந்தக்காரரின் பெயருக்கு. எட்டு மாதம் அவர் வீட்டு அலமாரியில் கிடந்து, ஒரு கல்யாண வீட்டில் கைமாறி இவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதில், காரிலுள்ள காற்றுப் பையில் பழுது இருக்கக்கூடும், காரைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது.

அவர் எங்களிடம் மூன்று கேள்விகள் கேட்டார். நம்மில் பலர் மனத்திலும் இருக்கும் கேள்விகள் அவை.

முதல் கேள்வி: "பணம் கட்டச் சொல்றாங்களா சார்?"

இல்லை. பழுதுக்காகக் கம்பெனி தானே திரும்ப அழைக்கும் காருக்கு, அந்தப் பழுதைச் சரிசெய்யும் செலவு கம்பெனியுடையது. இரண்டாவது கை, மூன்றாவது கை என்று வாங்கியிருந்தாலும் இந்த உரிமை காரோடு சேர்ந்தே வரும்.

இரண்டாவது கேள்வி: "காரைப் பிடுங்கிக்குவாங்களா?"

'திரும்ப அழைத்தல்' என்ற சொல்லைக் கேட்டதும் வந்த மயக்கம் இது. காரை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பழுதான உறுப்பைக் கழற்றிப் புதியதைப் பூட்டி, காரை உங்களிடமே கொடுத்துவிடுவார்கள்.

மூன்றாவது கேள்விதான் பெரியது: "இத்தனை வருஷம் ஓடுது. ஒண்ணும் ஆகலையே சார்?"

இதற்கு விடை காண, காற்றுப் பை என்றால் என்ன என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும். கார் எதிலாவது மோதினால், ஸ்டீயரிங்கிற்குள் மடித்து வைத்த பை கண் இமைப்பதற்குள் உப்பி, ஓட்டுபவரின் தலையையும் மார்பையும் தாங்கிக்கொள்ளும். அதை ஊதச் செய்வது ஒரு சிறு உலோகக் குப்பிக்குள் இருக்கும் மருந்து. தக்காத்தா என்ற ஜப்பானியக் கம்பெனி, பல கார் கம்பெனிகளுக்கு இந்தக் குப்பிகளைச் செய்து கொடுத்தது. அதில் அது பயன்படுத்திய மருந்து அமோனியம் நைட்ரேட்.

இது உரமாகவும் பயன்படும் பொருள் என்பது தோட்டத்தாருக்குத் தெரியும். உரக் கொட்டகையில் வாய் கிழிந்த மூட்டை மழைக்காலத்தில் என்னவாகும் என்பது உரம் போடும் தாய்மார்களுக்கு நன்றாகத் தெரியும். ஈரத்தை உறிஞ்சும், கசியும், கெட்டுப்போகும். குப்பிக்குள் இருக்கும் மருந்தும் அப்படித்தான். சில குப்பிகளில் தொழிற்சாலையிலேயே ஈரம் பட்டுவிட்டது. மற்றவற்றில், ஆண்டுக்கணக்கான வெயிலும் ஈரமும் மருந்துக் கட்டியைக் கெடுத்துப் பொடியாக்கின. விறகுக் கட்டை நின்று எரியும், மரத்தூளோ குபீரென்று பற்றும் அல்லவா? கெட்ட மருந்தும் அவ்வாறே ஒரேயடியாகப் பற்றிக் குப்பியையே வெடிக்கச் செய்கிறது. உலோகத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுபவரின் கழுத்திலும் முகத்திலும் பாய்கின்றன. உயிரைக் காக்க வைத்த பொருளே உயிரைக் குடிக்கிறது.

ஆகவே, "இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லை" என்பது தைரியம் தரும் பேச்சன்று. வருஷம் ஆக ஆகத்தான் ஆபத்து கூடுகிறது. அதிலும் பேராக் ஆறு கடலில் கலக்கும் நம் பாகான் டத்தோ போன்ற இடத்தில், பகலெல்லாம் வெயில், இரவெல்லாம் ஈரக் காற்று. அந்த மருந்து கெடுவதற்கு இதைவிட ஏற்ற சூழ்நிலை வேண்டியதில்லை.

இது தூரத்து நாட்டுச் செய்தியும் அன்று. இவ்வகைக் குப்பிகளுக்காகக் கார்களைத் திரும்ப அழைப்பது 2008 இல் அமெரிக்காவில் தொடங்கியது. அமெரிக்காவிற்கு வெளியே நேர்ந்த முதல் மரணமோ நம் மலேசியாவில்தான். 2014 ஜூலையில் சரவாக்கிலுள்ள சிபுவில் ஒரு கர்ப்பிணிப் பெண் ஓட்டிச் சென்ற 2003 ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி கார் ஒரு சந்திப்பில் மோதியது. உலோகத் துண்டு பாய்ந்து அவர் இறந்தார். குழந்தையும் பிழைக்கவில்லை. 2016 இலும் நம் நாட்டில் மேலும் சிலர் இதே விதமாக உயிரிழந்தனர். 2018 ஜனவரியில் இன்னொருவர் இறந்தார். அவருடைய கார் ஏற்கெனவே திரும்ப அழைக்கப்பட்ட கார். குப்பி மட்டும் மாற்றப்படாமலே இருந்தது. ஹோண்டா மட்டுமல்ல, டொயோட்டா, நிசான், மாஸ்டா, பி.எம்.டபிள்யூ என்று பல கம்பெனிகளின் கார்களிலும் இக்குப்பிகள் இருந்தன. உலகமெங்கும் கோடிக்கணக்கான குப்பிகளை மாற்ற வேண்டி வந்தது. தக்காத்தா கம்பெனி 2017 இல் திவாலாயிற்று.

குற்றம் செய்தவர்கள் உற்பத்தியாளர்கள். அதில் ஐயமில்லை. ஆனால், எச்சரிக்கை வந்த பிறகும் கார்கள் மாற்றப்படாமல் ஓடுவது ஏன்? நாங்கள் கண்ட காரணம் ஒன்று உண்டு. புதுக் காரைப் பட்டணத்தில் ஒருவர் வாங்குகிறார். பத்து ஆண்டு கழித்து விற்கிறார். அது கைமாறிக் கைமாறி, விலை குறைந்து குறைந்து, கடைசியில் தோட்டத்திற்கு வருகிறது. கார் வந்து சேருகிறது. கடிதம் வந்து சேருவதில்லை. பழுது முற்றும் வயதில் கார் நம் கையில் இருக்கிறது, எச்சரிக்கையோ முதல் சொந்தக்காரர் வீட்டிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம் வரட்டும் என்று நாம் காத்திருக்கக் கூடாது என்கிறோம்.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் காரின் கிராண்டை எடுத்துப் பாருங்கள். அதில் சேசிஸ் எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, அந்தக் கார் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் கேளுங்கள். போனிலும் கேட்கலாம். கம்பெனியின் இணையப் பக்கத்தில் உங்கள் பிள்ளைகளே அந்த எண்ணைப் போட்டுப் பார்த்துச் சொல்வார்கள். மாற்ற வேண்டும் என்றால் நாள் குறித்துக்கொள்ளுங்கள். புதிய முகவரியையும் கொடுத்துவிடுங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. தெரிந்த போர்மன்தானே என்று அவரிடம் காற்றுப் பையைக் கழற்றச் சொல்லாதீர்கள். பழைய காரிலிருந்து எடுத்த பையை மலிவாக வாங்கிப் பூட்டாதீர்கள். காற்றுப் பையே வேண்டாம் என்றும் எண்ணாதீர்கள். நல்ல பை பலர் உயிரைக் காத்திருக்கிறது. காரை விற்கும்போது, வந்த கடிதத்தையும் வாங்குபவர் கையில் கொடுங்கள். அது அவருக்கு நாம் செய்யும் கடமை.

அந்தத் தகப்பனார் அடுத்த வாரம் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஈப்போவுக்குப் போனார். சில மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஒரு காசும் வாங்கவில்லை. மறுநாள் காலை நான்கு பிள்ளைகளும் வழக்கம்போல் பள்ளி வாசலில் வந்து இறங்கினர்.

நேயர்களே, சாமி படத்துக்குப் பின்னால் செருகிய கடிதங்களை இன்றிரவு எடுத்துப் பாருங்கள். படிக்கத் தெரியவில்லை என்று கூச்சப்பட வேண்டாம். உங்கள் தோட்டத்துப் பள்ளிக்கு எடுத்து வாருங்கள். படித்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.