வெள்ளியா, முலாமா?
(வெள்ளி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



வெள்ளி விழா நாளில் வெள்ளியைப் பற்றியே சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

1930-ஆம் ஆண்டு சேலம் மறைமாவட்டம் உருவானது. அதன் முதல் ஆயர் புருனியே ஆண்டகை, பாரீஸ் மறைபரப்புச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர். அச்சபைக் குருக்கள் இப்பகுதியில் உழைத்த காலத்தை நினைவூட்டும் ஒரு பூசைக் கிண்ணமும் ஒரு டஜன் கரண்டிகளும் நம் இராசிபுரம் கோயில் அலமாரியில் கறுத்துக் கிடந்தன. விழாச் செலவுக்குப் பணம் போதவில்லை. பழைய பாத்திரம் வாங்க வந்த ஒருவர், "எல்லாம் முலாம் சாமி, எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்றார். நாமும் கொடுத்துவிட இருந்தோம். கோயில்பிள்ளைதான், "கண்ணாடி வைத்து ஒருமுறை பார்த்துவிடலாம் சாமி" என்று தடுத்தார்.

கொலுசுக்குப் பேர்போன சேலத்துக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு உரைகல் புதிதல்ல. ஆனால் பூசைப் பாத்திரத்தை உரசலாகாது. முத்திரையைத்தான் தேட வேண்டும். 1838 முதல் பிரான்சில் கெட்டி வெள்ளிக்கு, தலைக்கவசம் அணிந்த மினெர்வா தேவதையின் தலையை அரசு முத்திரையாகக் குத்தினார்கள். அதில் 1 என்றிருந்தால் ஆயிரத்துக்கு 950 பங்கு வெள்ளி. 2 என்றிருந்தால் 800 பங்கு. செய்தவரின் முத்திரை சாய்சதுரக் கட்டத்துக்குள் இருக்கும். முலாம் பாத்திரத்திலோ அது நேர்சதுரக் கட்டத்துக்குள் இருக்கும்.

காந்தம் ஒட்டாததால் வெள்ளி என்று நம்பிவிடாதீர்கள்; செம்பும் பித்தளையும்கூட ஒட்டுவதில்லை. விளிம்பு தேய்ந்த இடத்தில் சிவப்போ மஞ்சளோ தெரிந்தால் அது முலாம்.

நம் கரண்டிகளில் சதுர முத்திரையும் 84 என்ற எண்ணும் இருந்தன. ஒரு தொகுதிக்குப் பூசிய வெள்ளி 84 கிராம் என்பதே அதன் பொருள். நூற்றுக்கு 84 பங்கு வெள்ளி என்பதல்ல. கிண்ணத்தின் அடிப்பாதத்தில் பித்தளை தெரிந்தது. வந்தவர் சொன்னது அதுவரை சரியே. ஆனால் மேல்கிண்ணத்தின் விளிம்பருகே மினெர்வாவின் தலை! திருஇரத்தத்தைத் தாங்கும் பகுதி மட்டும் கெட்டி வெள்ளி. அதை ஏழைக் குருக்களின் சிக்கனம் என்பதா, பக்தி என்பதா? இரண்டும்தான்.

இனி அதைச் சாம்பலாலும் புளியாலும் தேய்க்க வேண்டாம். மெல்லிய துணியே போதும். கோயில் பொருட்பதிவேட்டில் முத்திரை விவரத்தோடு எழுதி வைத்துவிட்டோம்.

முழுவதும் முலாமாகவே இருந்திருந்தாலும் அதை விற்றிருக்கலாகாது என்று இப்போது உணர்கிறோம். நம் முன்னோர் மண்டியிட்டு நோக்கிய கிண்ணம் அது. அடுத்த விழாவிலும் அது பீடத்தில் இருக்கட்டும்.