தர்மபுரத்தில் நமக்கும் ஒரு சிலை
(தர்மபுரம் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1977 கலவரத்துக்குப் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறிய நம்மவர்களுக்கு இங்கே ஒரு சிலை வேண்டும் என்கிறோம். சிலை எழுப்ப நம்மால் ஆகுமா என்கிறார்கள் சிலர்.

கன்னியாகுமரி வள்ளுவரைப் பாருங்கள். பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133. கணபதி ஸ்தபதியின் தலைமையில் கல்தச்சர்கள் கரையில் செதுக்கி, கடல்வழியே கொண்டுபோய், பாறைமேல் அடுக்கினார்கள். 2000 ஜனவரி 1இல் திறந்தது, 2004 சுனாமிக்கும் அசையவில்லை. அதுவும் தொழிலாளி கைதான். ஸ்தபதியின் பெயர் தெரிகிறது. கல் சுமந்தவர் பெயர் யாருக்குத் தெரியும்?

நாம் 133 அடி கேட்கவில்லை. கொழுந்துக் கூடையோடு ஒரு பெண், இரண்டு ஆள் உயரம் போதும். திறந்துவைப்பவர் பெயர் பீடத்தில் வேண்டாம். வந்த குடும்பங்களின் பெயரும், விட்டுவந்த தோட்டத்தின் பெயரும் இருக்கட்டும். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அடுத்த கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வாருங்கள்.